இரைச்சல் எது, எழுத்து எது?
மின்னிலக்கக் குறிகை, படச் செயலாக்கம் பற்றிய தொடக்க வினாக்கள்

மின்னிலக்கக் குறிகைச் செயலாக்கம், படச் செயலாக்கம் ஆகிய துறைகளைப் புதிதாக அணுகுவோர் எழுப்பும் வினாக்கள் எளியவை போலத் தோன்றும். விடைகள் அவ்வளவு எளியவை அல்ல. அவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுகளை இயன்றவரை தமிழ் ஒலியிலிருந்தும் தமிழ் அச்சிலிருந்தும் காட்ட விரும்புகிறேன். நம் மாணவர் நாள்தோறும் கையாளும் பொருள்கள் அவை என்பது ஒரு காரணம். பொதுவான பாடநூல்கள் பேசாத ஓர் இடர் தமிழ் எழுத்துக்கு உண்டு என்பது மற்றொன்று.

ஒலியும் படமும் எவ்வாறு ஒரே துறையில் அடங்கும் என்பது பலரின் முதல் ஐயம். காலத்தோடு மாறும் காற்றழுத்தம் ஒலிக்குறிகை. இடத்தோடு மாறும் ஒளிச்செறிவு படக்குறிகை. கணினி இரண்டையும் எண்களாகவே அறிகிறது. ஒலி, எண்களின் ஒற்றை வரிசை. படம், வரிசைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணை. அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். படப்புள்ளி என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கவே செய்கிறது. ஆயினும் மெய்யெழுத்தின் புள்ளியைப் பற்றிப் பின்னர்ப் பேச வேண்டியிருப்பதால், குழப்பத்தைத் தவிர்க்கப் பிக்சல் என்றே எழுதுகிறேன்.

அடுத்த வினா கூர்மையானது. தொடர்ச்சியான ஒலியிலிருந்து இடைவெளி விட்டு மாதிரிகளை எடுக்கிறோமே, இரண்டு மாதிரிகளுக்கு இடையில் இருந்தது தொலைந்துபோகாதா? தொலையாது, ஒரு நிபந்தனை நிறைவேறுமானால். ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் மாதிரி எடுத்தால், இடைப்பட்ட அனைத்தையும் பிசகின்றி மீட்கலாம். நைக்விஸ்ட் 1928 இல் இதற்கு அடித்தளமிட்டார்; ஷானன் 1949 இல் இதனைத் தெளிவாக நிறுவிக் காட்டினார். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இசைக் குறுந்தட்டு நொடிக்கு 44,100 மாதிரிகளைக் கொண்டிருப்பது அதனால்தான்.

நிபந்தனை மீறப்பட்டால் நிகழ்வது வெறும் இழப்பன்று, திரிபு. வழக்கமான தொலைபேசி முறை நொடிக்கு 8,000 மாதிரிகளை எடுக்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று தடுக்கப்படாமல் அதனுள் புகுந்தால், கிடைக்கும் எண்கள் 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் எண்களாகவே இருக்கும். எண்களைப் பெற்றபின் எது உண்மை ஒலி, எது போலி என்று எந்தக் கணிப்பாலும் பிரித்தறிய இயலாது. ஆகவே உயர் அதிர்வெண்களை மாதிரி எடுப்பதற்கு முன்னரே வடிகட்ட வேண்டும். பின்னர் வடிகட்டுவது பயன்படாது. திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதும் இதே திரிபுதான்.

அவ்வாறு வடிகட்டியதன் விலையை நாம் அறிவோம். பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும். ஸகர ஒலியின் வலிமையோ பெரும்பாலும் அதற்கு மேல் உள்ளது. பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்கையில் ‘எஸ்’ என்பதும் ‘எஃப்’ என்பதும் மயங்குவது இதனால்தான். ல, ள, ழ ஆகியவற்றை வேறுபடுத்தும் ஒத்ததிர்வுகளோ பெரிதும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்குகின்றன. ஆகவே தொலைபேசியில் ழகரம் கெட்டால், கருவியைக் குறைகூற இடமில்லை.

இனிப் படத்திற்கு வருவோம். சிங்கப்பூரில் 1887 இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’, 1935 இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ போன்ற பழைய இதழ்களை இன்று நாம் திரையில் படிக்க வேண்டுமாயின் அவை வருடியால் படமாக்கப்பட வேண்டும். பழுப்பேறிய தாளில் மைத்தெறிப்புகளும் கறைத் துகள்களும் நிறைந்திருக்கும். “இரைச்சலை நீக்கும் வடிகட்டி எது?” என்று மாணவர் உடனே கேட்பர். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரைச்சல் என்பது எது?

எளிய வடிகட்டி, ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சூழ்ந்தவற்றின் சராசரியால் மாற்றுவது. துகள் மங்கும், எழுத்தின் விளிம்பும் சேர்ந்து மங்கும். எனவே பலரும் இடைநிலை வடிகட்டியை நாடுவர். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் உள்ள 9 பிக்சல்களைச் செறிவின்படி வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் ஐந்தாவதை எடுத்துக்கொள்வது அதன் முறை. கட்டத்தில் குறைந்தது 5 பிக்சல்கள் கருமையாக இருந்தால் மட்டுமே நடுப்பிக்சல் கருமையாகும். தனித்த துகள் மறையும். விளிம்பு பெரிதும் கெடாது. பாடநூல்கள் இதனைப் போற்றுவது நியாயமே.

தமிழ்ப் பக்கத்தில் அதனை இட்டுப் பார்ப்போம். மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமுடையது என்று கொள்வோம். அங்குலத்துக்கு 100 பிக்சல் என்னும் பிரிதிறனில் அது இரண்டுக்கு இரண்டாக, 4 பிக்சல்களில் பதியும். ஒன்பதில் 4 போதாது, புள்ளி அழிந்துவிடும். அதே தடிப்புள்ள கோடோ கட்டத்தின் 6 பிக்சல்களை நிரப்புவதால் தப்பிவிடும். அதாவது, எழுத்தின் உடல் நிற்கும். புள்ளி மட்டும் போகும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகும். ‘என்’ என்பது ‘என’ ஆகும். இரண்டும் பொருளுள்ள சொற்களாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாமலும் போகலாம். பிரிதிறனை 300 ஆக்கினால் புள்ளியின் குறுக்களவு ஏறத்தாழ 6 பிக்சல். அதே வடிகட்டி அதனை அழிக்காது. சில மென்பொருள்கள் குறிப்பிட்ட பரப்புக்குக் குறைந்த தனித்த கருந்திட்டுகளை எல்லாம் நீக்குகின்றன. அவை இன்னும் இடர் மிக்கவை. ஆங்கிலப் பக்கத்தில் ‘ஐ’ எழுத்தின் மேற்புள்ளி போனால் படிப்பவர் தடுமாறுவதில்லை. நமக்கு அந்த வசதி இல்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாத வழக்கத்தால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை இலக்கிய ஆசிரியர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அச்சு மீட்டுத் தந்ததை வடிகட்டியிடம் மறுபடி இழப்பது வீண்.

“மங்கிய படத்தைத் தெளிவாக்க முடியுமா?” என்ற வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. 1990 இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் முதன்மை ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாக்கப்பட்டிருந்ததால் படங்கள் மங்கின. மங்கல் எவ்வாறு உண்டாயிற்று என்பது தெரிந்திருந்தமையால், அதனை எதிர்க்கணக்கிட்டு ஒளிமிக்க பொருள்களின் படங்களை ஓரளவு திருத்தினர். மங்கிய பொருள்களில் இரைச்சல் மேலோங்கியதால் கணக்கு உதவவில்லை; 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் திருத்தக் கருவிகளைப் பொருத்தவே நேர்ந்தது. சிறிய படத்தைப் பெரிதாக்குவது இதனினும் வேறு. அங்கே புதிய பிக்சல்கள் அண்டையவற்றிலிருந்து ஊகிக்கப்படுகின்றன. புதிய தகவல் எதுவும் வருவதில்லை.

ஊகத்தின் ஆபத்தை 2013 இல் ஜெர்மனியில் வெளிவந்த ஒரு செய்தி காட்டியது. நகலெடுக்கும் கருவிகள் சில, கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றிய எழுத்துருவங்களை ஒரே உருவமாகக் கொண்டன. கட்டட வரைபடங்களில் எண்கள் மாறின, 6 இருந்த இடத்தில் 8 வந்தது. படம் மங்கவில்லை, தெளிவாகவே பொய் சொன்னது. ர, ா ஆகியவற்றையும் ன, ள ஆகியவற்றையும் கொண்ட பக்கத்தில் இத்தகைய சுருக்கம் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். இன்று படத்தை மெருகூட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் ஊகித்தே நிரப்புகின்றன. முகப்படத்துக்கு அது போதலாம், ஆவணத்துக்கு ஒவ்வாது. வருடியிலிருந்து வந்த மூலப்படத்தை, விவரம் இழக்காத கோப்பு வகையில், எந்த வடிகட்டியும் படாமல் சேமிக்க வேண்டும். திருத்தங்களை அதன் நகலில் செய்துகொள்ளலாம்.

வகுப்பறையில் இதனைச் செய்து காட்டப் பொருட்செலவு இல்லை. பாடநூலின் ஒரு பக்கத்தை 100, 300 ஆகிய இரு பிரிதிறன்களிலும் வருடி, இலவசப் பட மென்பொருள் ஒன்றில் இடைநிலை வடிகட்டியை இருபடங்களுக்கும் இடுங்கள். முதல் பத்தியில் எஞ்சிய மெய்ப்புள்ளிகளை மாணவர் எண்ணட்டும். பின்னர் அச்சுப் பக்கத்தில் உள்ளவற்றை எண்ணி ஒப்பிடட்டும்.