நாலு ஓ.பி., ஒரு பிள்ளை

கோரிமேடு ஜிப்மரில் காலை ஏழு மணிக்கே வரிசை நீண்டுவிடும். புதுச்சேரிக்காரர்களோடு விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்களும் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் சில அம்மாக்களைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். தன்னைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்துவிட்ட மகனின் மணிக்கட்டை ஒரு கை விடாமல் பிடித்திருக்கும். மற்ற கையில் ஜவுளிக்கடைப் பை. வலிப்புக்கு ஒரு ஃபைல், மனநலப் பிரிவுக்கு ஒரு ஃபைல், மாற்றுத்திறனாளி சான்றிதழின் ஜெராக்ஸ் ஐந்தாறு, பள்ளிக்கூடம் கொடுத்த கடிதம், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். எந்தக் காகிதம் எந்த அடுக்கில் என்று அவருக்கு மனப்பாடம்.

இந்தப் பிள்ளைகளை ‘சிக்கலான தேவைகள் உள்ளவர்கள்’ என்கிறது மருத்துவ உலகம். ஒரு நோயின் பெயருக்குள் அடங்காதவர்கள். ஆட்டிசத்தோடு வலிப்பு, அறிவுசார் குறைபாட்டோடு மனச்சோர்வு, கற்றல் குறைபாட்டோடு பதற்றம். இதற்கெல்லாம் மேலாக வீட்டில் குடி, கடன், அடிதடி. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. சேர்ந்து வரும்போதுதான் எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போகிறது.

உதாரணத்துக்கு, பேச்சு வராத பதினைந்து வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். சில மாதங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை. தன் கையைத் தானே கடிக்கிறான், தட்டை வீசுகிறான். பக்கத்து வீட்டில் ‘வயசுக் கோளாறு’ என்கிறார்கள். சொந்தக்காரர்கள் ‘காத்து கருப்பு, போய் மந்திரிச்சிட்டு வா’ என்கிறார்கள். பள்ளியில் ‘கொஞ்ச நாள் வீட்டிலேயே வச்சிருங்க’ என்கிறார்கள். காரணம் பல்வலியாக இருக்கலாம். மலச்சிக்கலாக இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் கோபம்தான் வாய். அல்லது வலிப்புக்கு மாற்றிக் கொடுத்த மாத்திரையாக இருக்கலாம்: லெவிடிராசெட்டாம் சிலருக்கு எரிச்சலையும் ஆத்திரத்தையும் கிளப்பும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு. (படித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.)

மாத்திரை மாறிய தேதி ஒரு ஃபைலில் இருக்கிறது. கோபம் தொடங்கிய தேதி இன்னொரு ஃபைலில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால், கோபத்துக்கென்று இன்னொரு மாத்திரை எழுதப்பட்டு, பையின் கனம் கூடும்.

பெண் பிள்ளைகளிடம் சங்கடம் வேறு மாதிரி. தட்டை வீசுகிற பையனைத் தெருவே கவனிக்கும். மூலையில் ஒடுங்கிவிட்ட பெண்ணை ‘அடக்கமான பொண்ணு, வாயே திறக்க மாட்டா’ என்று மெச்சுவார்கள். அந்த அடக்கத்துக்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கலாம். யாரிடமும் சொல்ல முடியாத தொந்தரவும் இருக்கலாம். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதன்பின் காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, நீதிமன்றம் என்று மேலும் சில காகிதக் கட்டுகள்.

எத்தனை பிள்ளைகள்? நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16-ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில் அது 13.5 சதவீதம். தமிழ்நாடு அந்தக் கணக்கெடுப்பில் உண்டு, புதுச்சேரி இல்லை. புதுச்சேரியின் பெயர் வேறொரு பட்டியலில் ஆண்டுதோறும் மேலே வருகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2015-ல் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகளோடு நாட்டிலேயே முதலிடம். 2022-ல் அது 29.7 ஆகக் குறைந்தது; அதே ஆண்டு தேசிய சராசரி 12.4. இவை எல்லா வயதினருக்குமான எண்கள்தான். ஆனாலும் பெரியவர்கள் இவ்வளவு துவண்டுபோயிருக்கும் ஊரில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தெம்பாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

விசித்திரம் என்னவென்றால், இது வசதி இல்லாத ஊர் அல்ல. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இங்கே இருக்கிறது. அதன் மனநலத் துறையில் குழந்தைகளுக்கான ஆலோசனைப் பிரிவும் உண்டு. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர், குழந்தைகள் மருத்துவமனை, நகருக்குள் பொது மருத்துவமனை. சித்ரா ஷா 2003-ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி, பிள்ளைகள் பள்ளிக்கு வரட்டும் என்று உட்கார்ந்திராமல் தெரபியைக் கிராமத்துக்கே கொண்டுபோகிறது. மனம் விட்டுப் பேச ‘மைத்ரேயி’ என்ற தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு ஸ்கூட்டரில் அரை நாளில் சுற்றிவந்துவிடும் தூரம். அந்தத் தூரத்தைத்தான் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு வாசலிலும் கதையை முதலிலிருந்து சொல்லியபடி. ஒவ்வொரு இடமும் தன் வேலையைச் செய்கிறது. பிள்ளையை முழுதாகப் பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. குழந்தைகளுக்கான மனநலச் சேவை, குடும்பத்துக்குத் துணை, சமூகம் சார்ந்த மறுவாழ்வு ஆகியவற்றை அரசு தர வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. 87-ஆம் பிரிவு பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 18 வயது நிரம்பாதவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரோடு இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து, தேவைதான் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் படுக்க வைக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். உள்நோயாளியாக இருக்கும் நாள் முழுவதும் பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் துணையாளோ கூடவே இருக்க வேண்டும். கடைசி விதி நல்ல விதி. ஆனால் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது கூலி இழப்பு. வீட்டிலிருக்கும் இன்னொரு பிள்ளைக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்வி. சேர்க்கும் நிலைக்கே போகாமல் தடுப்பதுதான் எல்லோருக்கும் மலிவு.

தடுக்கும் இடம் பள்ளிக்கூடம். இதில் புதுச்சேரிக்கு இப்போது ஒரு வாய்ப்பு வாய்த்திருக்கிறது. இங்குள்ள அரசுப் பள்ளிகள் 2024–25 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு முழுமையாக சிபிஎஸ்இ-க்கு மாறின. பாடம் கடினம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை என்று அப்போது நடந்த சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதோடு சேர்ந்து வந்த ஒரு விதியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் முழுநேர மாணவர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்றன சிபிஎஸ்இ-யின் 2018 இணைப்பு விதிகள். 9 முதல் 12 வரை 300 மாணவர்களுக்குக் குறைவாக உள்ள பள்ளிகள் பகுதி நேர ஆலோசகரை வைத்துக்கொள்ள அவை அனுமதித்தன. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலை வழக்கு ஒன்றில் தந்த தீர்ப்பும், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. டியூஷன் சென்டர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

ஆலோசகர் என்ற பெயரில் கணக்கு வாத்தியாருக்கே கூடுதல் பொறுப்பு கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. அது எடுபடாது என்பதற்குச் சான்று இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் ‘சங்காத்’ அமைப்பு நடத்திய ஆய்வு 2018-ல் லான்செட் இதழில் வெளியானது. சில பள்ளிகளில் மனநலத் திட்டத்தை ஆசிரியரே நடத்தினார்; வேறு சிலவற்றில் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற வெளியாள் ஒருவர் நடத்தினார். வெளியாள் வந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, கேலி வதை குறைந்தது, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படி மாற்றமில்லை. எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. மதிப்பெண் போடுகிற கையிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? தவிர, ஆசிரியருக்கு ஏற்கெனவே தேர்தல் பணி முதல் கணக்கெடுப்பு வரை ஆயிரம் வேலை.

பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் எவ்வளவு தாங்குவார் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் உட்கார, சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். மருத்துவர் பேசுவது சில நிமிடம். யார் வரவில்லை, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது உள்ளூர்ப் பணியாளர். திட்டத்தைத் தாங்குவது அவர்தான்.

சிக்கலான தேவைகள் உள்ள பிள்ளைக்கு இதற்கும் ஒரு படி மேலே வேண்டும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2019-ல் வெளியிட்ட நீண்டகாலத் திட்டத்தில், ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள, மிகச் சிக்கலான நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனித்தனியே ஒரு ‘கீ வொர்க்கர்’ இருப்பார் என்று வாக்குக் கொடுத்தது. அவர் வைத்தியம் பார்ப்பவரல்ல. எல்லா ஃபைலையும் படித்தவர், பள்ளியையும் மருத்துவமனையையும் ஒரே மேசைக்கு அழைப்பவர், ராத்திரி நிலைமை கைமீறினால் யாருக்குப் போன் செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பவர். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் பன்னிரண்டரை லட்சம். நகரமும் சுற்றுவட்டாரமும் மட்டும் என்றால் இன்னும் குறைவு. இவ்வளவு சிறிய இடத்தில் இது பெரிய செலவு என்று சொன்னால் நம்புவதற்கில்லை. புதிய கட்டடமும் திறப்பு விழாவும் தேவைப்படாததால்தான் இதில் யாருக்கும் ஆர்வம் பிறக்கவில்லையோ என்று தோன்றுகிறது.

பதினெட்டு வயது இன்னொரு வெட்டு. அதுவரை குழந்தைகள் பிரிவு, சிறப்புப் பள்ளி. மறுநாள் முதல் பெரியவர்கள் பிரிவு. சட்டப்படியும் அன்றே பெற்றோரின் காப்பாளர் பொறுப்பு முடிந்துவிடுகிறது, பிள்ளையால் தன் கையெழுத்தைப் போட முடியாவிட்டாலும்கூட. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளராகலாம். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பதினேழு வயதிலேயே காகிதங்களைத் தயார் செய்வது நல்லது.

கீ வொர்க்கர் வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியவை சில. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எந்த மாத்திரை எப்போது மாறியது, தூக்கம் எவ்வளவு, எப்போது கோபம் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது. எந்த ஓ.பி.க்குப் போனாலும் ஃபைலுக்கு முன் அந்த நோட்டைக் காட்டுங்கள். பள்ளியில் ஆலோசகர் யார், வாரத்தில் எந்த நாள் இருப்பார் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் ‘சும்மா சொல்றான்’ என்று விட்டுவிடாமல் அன்றே பக்கத்தில் இருங்கள், உதவி தேடுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் தங்களுக்காகவே அழைக்கலாம். வீட்டிலோ வெளியிலோ பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.