பாரசீக வாக்கியத்தைப் பிரித்தறிவோம்



நாம் வாழும் ஜொகூர் மாநிலத்தின் பெயர், மணி என்று பொருள்படும் ‘ஜவ்ஹர்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அந்த அரபுச் சொல்லுக்கும் மூலம் பாரசீக மொழியின் ‘கௌஹர்’. நாள்தோறும் மலாயில் நாம் சொல்லும் பாசார், பண்டார், அங்கூர் ஆகியவையும் பாரசீகத்திலிருந்து வந்தவையே. சொற்கள் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. வாக்கியந்தான் வெளியே நிற்கிறது.

உமர் கய்யாமின் பாடல்களைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நமக்குத் தமிழில் தந்தார். ஆனால் அவர் பெயர்த்தது ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில நூலிலிருந்து. மூலத்தை நேரே படிக்க விரும்புவோர் பாரசீக வாக்கியத்தின் அமைப்பை முதலில் அறிய வேண்டும்.

அரபு எழுத்தில் எழுதப்படுவதால் பாரசீகத்தை அரபுக் குடும்பத்து மொழி என்று எண்ணிவிடக் கூடாது. ஜாவி எழுத்தில் எழுதினாலும் மலாய் மலாய்தானே! பாரசீகம் வடமொழிக்கும் இந்திக்கும் உறவுடையது. ஆயினும் அதன் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளத் தமிழும் மலாயும் நமக்கு நன்கு உதவும்.

முதலில் தமிழின் உதவியைக் காண்போம். ‘கரீதம்’ என்றால் ‘வாங்கினேன்’. நம் ‘ஏன்’ விகுதியைப் போல, கடைசியிலுள்ள ‘அம்’ வாங்கியவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. ‘நான்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. வினைமுற்றும் பொதுவாக இறுதியில்தான் வரும். ‘கெத்தாப் கரீதம்’ என்றால் ‘புத்தகம் வாங்கினேன்’. இன்ன புத்தகம் என்று தெரிந்திருந்தால் ‘கெத்தாப் ரா கரீதம்’, அதாவது ‘புத்தகத்தை வாங்கினேன்’. இங்கே ‘ரா’ நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது.

அடுத்து மலாயின் உதவி. நாம் ‘பெரிய சந்தை’ என்கிறோம். மலாயில் ‘பாசார் பெசார்’. பாரசீகத்தில் ‘பாஸாரெ பொஸொர்க்’. இரண்டிலும் பெயர் முன்னே, அடை பின்னே. பாரசீகத்தில் மட்டும் நடுவே ‘எ’ என்னும் இணைப்பொலி உண்டு. அதைப் பெரும்பாலும் எழுத்தில் காட்டுவதில்லை. படிப்பவரே சேர்த்து ஒலிக்க வேண்டும். தொடக்க மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே. அந்த ஒலி இல்லாமல், இறுதியில் ‘அஸ்த்’ வந்தால் பொருள் வேறு. ‘பாஸார் பொஸொர்க் அஸ்த்’ என்றால் ‘சந்தை பெரியது’.

இனி எல்லாவற்றையும் சேர்ப்போம்: ‘அஸ் பாஸாரெ பொஸொர்க் கெத்தாப் கரீதம்.’ பெரிய சந்தையிலிருந்து புத்தகம் வாங்கினேன். ‘அஸ்’ என்பது மலாயின் ‘டாரி’ போலப் பெயருக்கு முன் நின்று ‘இலிருந்து’ என்னும் பொருளைத் தருகிறது. ஆகவே, ‘அஸ் பாஸாரெ பொஸொர்க்’ மலாயின் வரிசை. ‘கெத்தாப் கரீதம்’ தமிழின் வரிசை.

எனவே, பாரசீக வாக்கியம் ஒன்றைக் கண்டால், முதலில் இறுதியிலுள்ள வினையைப் பார்ப்போம். யார், என்ன செய்தார் என்பது விளங்கும். பிறகு முன்னே திரும்பி, பெயரையும் அதன் அடையையும் மலாயைப் போல் சேர்த்துப் படிப்போம். இரண்டு மொழி அறிந்த நமக்கு மூன்றாவது மொழி அவ்வளவு தொலைவில் இல்லை.