நாலு கம்பி, நூறு குரல்... தெரியுமா?

பாட்டில் பாடகர் தெரிவார், வயலின் தெரியும், டிரம்ஸ் தெரியும். அடியில் ‘தும்... தும்...’ என்று மொத்தப் பாட்டையும் தாங்கிக்கொண்டு போகும் பேஸ் கிட்டார் மட்டும் பலர் காதுக்கு எட்டுவதே இல்லை! அந்த பேஸ் கிட்டார்காரர் காலடியைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னச் சின்னதாக உலோகப் பெட்டிகள். ஒன்றை மிதித்தால் உறுமும், இன்னொன்றை மிதித்தால் வாய் திறந்து பேசும், மூன்றாவது பாதாளத்துக்கே இறங்கும்! எஃபெக்ட்ஸ் பெடல் எனப்படும் அந்தப் பெட்டிகளின் அதிசயங்கள் இதோ...

* முதல் ‘ஃபஸ்’ பெடல் பிறந்ததே ஒரு பழுதால்தான், தெரியுமா? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’ பாட்டின் ஒலிப்பதிவு. கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸில் தனி வாசிப்பு வாசிக்கிறார். மிக்ஸிங் கன்சோலில் ஒரு கோளாறு! ஒலி கரகரவென்று கிழிந்து வருகிறது. தூக்கி எறியாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961-ல் பாட்டு வெளியானது, ஹிட்! ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க ஒரு சர்க்யூட் செய்தார். 1962-ல் அது ‘மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ பெடலாகக் கடைக்கு வந்தது. பிறந்த வீடு பேஸ். பேர் வாங்கிக்கொண்டது கிட்டார்!

* ஒரே பாட்டில் இரண்டு பேஸ் ஒலிப்பது தெரியுமா? 1965-ல் வந்த பீட்டில்ஸின் ‘திங்க் ஃபார் யுவர்செல்ஃப்’ பாட்டில் சுத்தமான பேஸ் ஒன்று, ஃபஸ் போட்டுச் சீறும் பேஸ் இன்னொன்று. இரண்டும் பால் மெக்கார்ட்னி கைவண்ணம்!

* லீட் கிட்டார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! மெட்டாலிகா ராக் குழுவின் முதல் ஆல்பம் (1983). அதில் ‘புல்லிங் டீத்’ என்ற துண்டில் நாலு நிமிடம் அலறித் தீர்ப்பது கிளிஃப் பர்ட்டனின் பேஸ். ஒலியைக் கிழிக்கும் டிஸ்டார்ஷனும், வாய் திறந்து பேசவைக்கும் வா-வா பெடலும் சேர்ந்து செய்த ஜாலம் அது!

* செல்போன் ஸ்பீக்கரால் வாசிக்கவே முடியாத ஸ்வரம் உங்கள் காதில் விழுகிறது, தெரியுமா? பேஸின் தடித்த கம்பி ஒரு நொடிக்கு சுமார் 41 தடவைதான் அதிரும். அந்த 41 ஹெர்ட்ஸை போனின் குட்டி ஸ்பீக்கரால் வெளியே தள்ள முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸ் என்று மேல் ஒலிகளும் கூடவே பிறக்கின்றன. அவற்றில் காதுக்கு எட்டுகிறவற்றைக் கேட்டு, அடியில் இல்லாத ஸ்வரத்தை மூளையே கற்பித்துக்கொள்கிறது! லேசாக டிஸ்டார்ஷன் ஏற்றினால் மேல் ஒலிகள் கூடும். போனிலும் பேஸ் துல்லியமாகக் கேட்கும்!

* கிட்டார் பெடலை பேஸில் மாட்டினால் என்ன ஆகும், தெரியுமா? பல பெடல்களில் உறுமல் வரும், அடிக்கனம் பறந்துபோகும்! பெடலை மிதித்த நொடியில் பாட்டுக்கு இடுப்பே ஒடிந்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் பேஸுக்கென்று செய்யும் டிஸ்டார்ஷன் பெடல்களில் ‘பிளெண்ட்’ என்று ஒரு திருகு வைக்கிறார்கள். சுத்தமான ஒலி பாதி, கிழிந்த ஒலி பாதி என்று கலந்துகொள்ளலாம். கீழே கனம், மேலே காரம்!

* மனிதக் காதின் எல்லைக்கே இறங்கும் பெடல் தெரியுமா? பாஸ் நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த ‘ஓசி-2’ ஆக்டேவ் பெடல், வாசிக்கும் ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழேயும் இரண்டு ஸ்தாயி கீழேயும் ஒலி சேர்க்கும். 41 ஹெர்ட்ஸை ஒரு ஸ்தாயி இறக்கினால் சுமார் 20.5 ஹெர்ட்ஸ். நம் காதுக்கு எட்டுவதே 20-லிருந்துதான்! அதனால் கைதேர்ந்தவர்கள் மேல் கட்டைகளில் வாசித்துவிட்டு, கீழே இறக்கும் வேலையைப் பெடலிடம் விடுகிறார்கள். இரண்டு ஸ்வரத்தை ஒன்றாக மீட்டினால் இந்தப் பழைய பெடலுக்குத் தலை சுற்றிவிடும். எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் உளறும்!

* விரலின் பலத்தை அளக்கும் பெட்டியும் உண்டு! 1972-ல் வந்த ‘மியூட்ரான்-3’ மெல்ல மீட்டினால் மெல்ல ‘வவ்’ என்னும், ஓங்கி மீட்டினால் ‘வ்வ்வாவ்!’ என்று வாயைப் பிளக்கும். ஃபங்க் இசையின் பேஸ் மன்னர் பூட்ஸி காலின்ஸுக்கு அடையாளக் குரலே இதுதான்.

* கிட்டார்காரரே இல்லாத ராக் குழு தெரியுமா? பிரிட்டனின் ‘ராயல் பிளட்’டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் டிரம்ஸ். இன்னொருவர் மைக் கெர், பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பார். ஸ்தாயியை ஏற்றும் பெடல்கள், பல ஆம்ப்ளிஃபையர்கள் வழியாக அவர் பேஸே கிட்டாராகவும் முழங்கும். 2014-ல் முதல் ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் முதலிடம்!

* நாலு பெடலை ஒரே மிதியில் மாற்றலாம், தெரியுமா? பல்லவிக்குச் சுத்தமான டோன், சரணத்துக்கு டிஸ்டார்ஷனும் ஆக்டேவும் என்றால் ஒவ்வொன்றாக மிதிப்பதற்குள் தாளம் ஓடிவிடும். அதற்குத்தான் ‘லூப் ஸ்விட்ச்சர்’! எந்தப் பொத்தானுக்கு எந்தெந்தப் பெடல் என்று முன்பே பதிந்துவைத்துவிட்டால், ஒரு மிதியில் மொத்தக் குரலும் மாறும். ஒரு டோனிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது சத்தம் திடீரென ஏறவோ அமுங்கவோ கூடாது என்பதற்காக, கச்சேரிக்கு முன்பே ஒவ்வொரு பெடலின் லெவலையும் சமன் செய்துவைப்பார்கள்.

* ஆன்-ஆஃப் பொத்தானே இல்லாமல் பேட்டரியைத் தின்னும் பெடல்! 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக்தான் மெயின் ஸ்விட்ச். வயரைச் செருகிய நொடியே பேட்டரி உயிர் பெறும். வாசித்து முடித்து வயரைப் பிடுங்காமல் தூங்கப் போனால், பெடல் விடிய விடிய விழித்திருந்து பேட்டரியைக் காலி செய்துவிடும்!

* பெடல், கரண்ட் எதுவும் இல்லாமல் பேஸ் டோன் மாற்றும் வித்தை நம்மிடம் இருக்கிறது, தெரியுமா? திருமலையில் ஏழுமலையான் கோயிலுக்கு எதிரே இருக்கும் நாத நீராஜனம் மேடையில் கச்சேரி நடக்கும்போது மிருதங்கத்தின் இடது பக்கத்தைக் கவனியுங்கள். அதுதான் தொப்பி, நம் ஊர் பேஸ்! கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவார்கள். கனம் ஏற ஏற சுருதி இறங்கும், நாதம் கனக்கும். அதிகமானால் கொஞ்சம் வழித்தெடுத்தால் போதும், டோன் ரெடி! வாசிக்கும்போது உள்ளங்கையால் தோலை அழுத்தித் தேய்த்தால் ‘கும்ம்’ என்று ஒலி வளைந்து ஏறும். அதற்குப் பெயர் கும்கி.

* எல்லாப் பெடலுக்கும் மூத்த பெடல் விரல்தான், தெரியுமா? பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் சுருக்கென்ற ஒலி, கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டையான ஒலி. உள்ளங்கையைக் கம்பியில் லேசாக வைத்தால் ‘டப் டப்’ என்று அமுங்கும் ஒலி. இளையராஜாவின் பல பாடல்களுக்கு வாசித்த சசிதரன், ரஹ்மானின் பல பாடல்களுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் என்று சென்னை ஸ்டுடியோக்களின் பேஸ் கலைஞர்களைக் கேட்டாலே இது புரியும்.

பேஸ் வாசிக்கும் இளைஞர்களே! பெடலை அடுக்கிக் காசைக் கரைக்காதீர்கள். முதலில் ஒரு ட்யூனர், அடுத்து சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஒரு கம்ப்ரஸர், அப்புறம் பிளெண்ட் வைத்த ஒரு டிஸ்டார்ஷன். ஆரம்பத்துக்கு இது தாராளம். வாசிக்காதவர்கள் இன்றிரவே நல்ல ஹெட்போனை மாட்டி, 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வைப் போடுங்கள். ஒரே ஒரு தடவை, பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் கேளுங்கள்!