காட்டுக்குள் போன ஐந்து பெண்கள்

"சார், பொம்பளைப் பிள்ளைங்ககூட சண்டைக்குப் போவாங்களா?"

தொலைக்காட்சியில் 'பேராண்மை' பார்த்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்ட கேள்வி இது. 2009-இல் எஸ். பி. ஜனநாதன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காட்டிலாகா அதிகாரி ஒருவர், ஐந்து மாணவிகளைத் துணையாகக் கொண்டு பதினாறு அந்நியக் கூலிப்படையினரை எதிர்க்கும் கதை. அதன் வேர் ரஷ்யாவில் இருக்கிறது.

பரீஸ் வஸீலியெவ் 1969-இல் வெளியிட்ட குறுநாவல்தான் மூலக்கதை. தமிழில் 'அதிகாலையின் அமைதியில்' என்ற பெயரில் வந்தது. 1972-இல் அதைப் படமாக்கியவர் ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி. அவரே போரில் ஒரு காலை இழந்தவர். குண்டடிபட்டுக் கிடந்த தம்மைக் காப்பாற்றிய ஒரு தாதிக்கு நன்றிக்கடனாகவே இப்படத்தை எடுத்தார்.

ஆண்டு 1942. காட்டோரம் ஒரு சிறு ரயில் நிலையம். அங்கே விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் காவல் பெண்கள்தான். ஜெர்மானியர் இருவர் காட்டில் நடமாடுவதாகத் தகவல் வருகிறது. மேலாளான வஸ்கோவ் ஐந்து பெண்களை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். போய்ப் பார்த்தால் எதிரிகள் இரண்டு பேர் அல்லர், பதினாறு பேர்!

உதவி கேட்டு ஓடிய லீசா சதுப்பில் மூழ்கிப் போகிறாள். வஸ்கோவ் மறந்துவிட்ட புகையிலைப் பையை எடுக்கப் போன சோனியா கத்திக்குப் பலியாகிறாள். எதிரிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஜென்யா பயமில்லாதவள்போல் பாடிக்கொண்டே ஆற்றில் குளிக்கிறாளே, அந்தக் காட்சியில் நம் நெஞ்சு நின்றுவிடும். கடைசியில் ஐவரில் ஒருத்தியும் மிஞ்சவில்லை.

போர்க்காட்சிகள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அப்பெண்களின் வீடு, காதல், படிப்பு பற்றிய நினைவுகள் வண்ணத்தில் வரும். எந்த வாழ்வு பறிபோனது என்பதை இயக்குநர் அப்படிக் காட்டிவிட்டார்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். சோவியத் படையில் பணியாற்றிய பெண்கள் சுமார் 8 லட்சம் பேர். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலாயாவிலிருந்தே போனார்களே!

1943 அக்டோபரில் நேதாஜி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாமைத் திறந்து வைத்தார். டாக்டர் லட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். கோலாலம்பூர் ஜானகி பர்மா வரை சென்றார். பிற்காலத்தில் செனட்டரான ஜானகி ஆதி நாகப்பன் அவர்தாம். 2014-இல் மறைந்தார்.

இவர்கள் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் அப்படையில் சேர்ந்தவர்களில் பலர் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். ஆண்களைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் சென்ற காலம். மரவள்ளிக் கிழங்கே சோறாக இருந்த காலம். அப்போது பால்வாளியை இறக்கி வைத்துவிட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். 1945-இல் படை கலைந்ததும் பலர் லயத்துக்கே திரும்பிப் பழையபடி பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

ரஷ்யப் படத்தின் முடிவில், வயதாகிப்போன வஸ்கோவ் அந்தக் காட்டுக்குத் திரும்பி வந்து பெண்களின் நினைவாகச் சலவைக்கல் பலகை ஒன்றைப் பதிக்கிறார். கூட நிற்பவன் ரீத்தாவின் மகன். சாகும் நேரத்தில் அவள் ஒப்படைத்த பிள்ளை!

பெற்றோர்களே, அந்தக் காலத்துப் பாட்டிமார் இன்று அநேகமாக இல்லை. அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றிரவு சாப்பிடும்போது உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளின் பள்ளி நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சலவைக்கல் பலகைக்கு வசதி இல்லாவிட்டால் என்ன? ஒரு நோட்டுப் புத்தகம் போதுமே!