பழங்கணினிகளைப் பேணுதல் – 6: விழிக்க மறுக்கும் ஐ.பி.எம். 5150

சென்ற வாரம் மேலுறையைக் கழற்றுவதற்கும், தூசியை அகற்றுவதற்கும், உள்ளேயிருக்கும் அங்கங்களை இன்னின்னவை என்று அடையாளம் கண்டுகொள்வதற்கும் வேண்டிய முறைகளைச் சொல்லியிருந்தேன். அவ்வாறெல்லாம் சுத்தம் செய்து வைத்த பின்பும், சுவிட்சைப் போட்டால் திரை இருண்டபடியே இருக்கிற ஒரு யந்திரத்தை என்ன செய்வது என்பதை இந்த வாரம் பார்ப்போம். உதாரணத்துக்கு, 1981ஆம் வருஷம் ஆகஸ்டு 12ஆம் தேதி நியூயார்க்கில் அறிமுகமாகி, சொந்தக் கணினி என்னும் வஸ்துவுக்கே ஒரு லக்ஷணத்தை வகுத்துக் கொடுத்த ஐ.பி.எம். 5150-ஐ எடுத்துக்கொள்கிறேன். அது விழித்தெழும்போது ஒவ்வொரு காரியமும் எந்தக் கிரமத்தில் நடைபெறுகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்கிறது. அந்தக் கிரமத்தில் எந்தப் படியில் அது நின்றுபோயிற்று என்று கண்டுகொள்வதே சிகிச்சையில் பெரும்பகுதி.

முதலில் மின்சாரம். இந்த யந்திரத்தின் பவர் சப்ளை 63.5 வாட் சக்தி மட்டுமே உடையது. தன்மேல் ஓரளவேனும் பாரம் இல்லாவிட்டால் அது எழாது. அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கப்பட்டாலோ தன்னைத்தானே நிறுத்திக்கொண்டுவிடும். ஆகையால் அதைத் தனியே கழற்றி மேஜைமேல் வைத்துச் சோதித்துக் கெட்டுவிட்டது என்று தீர்ப்புக் கூறுவதும் பிசகு; மதர்போர்டுடன் இணைந்திருக்கும்போது எழவில்லையே என்று அதன்மேல் பழி சுமத்துவதும் பிசகு. குற்றம் பெரும்பாலும் மதர்போர்டிலோ விஸ்தரிப்பு அட்டைகளிலோ சிறு மணிபோல் நிற்கும் டான்ட்டலம் கெபாசிட்டர்களில் இருக்கும். முதுமையால் கெடும்போது இவை வலுவிழந்து ஓய்ந்துவிடுவதோடு நிற்பதில்லை. இரு முனைகளும் உள்ளுக்குள்ளேயே கூடி ஷார்ட் ஆகிவிடுகின்றன. சில சமயம் புகையும் நெருப்புமாக வெடிப்பதும் உண்டு. 12 வோல்ட் பாதையில் 16 வோல்ட் மட்டுமே தாங்கக்கூடியவற்றை வைத்திருப்பதால், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றை நம்புவதற்கில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டுக்குச் செல்லும் பி8, பி9 என்ற இரண்டு இணைப்பிகளையும் உருவி, மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து, போர்டின் பக்கத்தில் பி8-இன் மூன்றாவது முனைக்கும் தரைக்கும் இடையே அளந்து பாருங்கள். அது +12 வோல்ட் பாதை. நான்காவது முனை -12. பி9-இன் மூன்றாவது முனை -5. எங்கேனும் மீட்டர் இரண்டொரு ஓம் மட்டுமே காட்டினால் அந்தப் பாதையில் ஷார்ட் இருக்கிறது. அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, எதை உருவியதும் அளவு உயர்கிறது என்று கவனித்தால் இடம் புலப்பட்டுவிடும். கெட்டதற்குப் பதிலாக 25 வோல்ட் தாங்குவதைத் துருவம் மாறாமல் சால்டர் செய்யவேண்டும். பி8, பி9 இரண்டையும் திரும்பச் செருகும்போது கறுப்புக் கம்பிகள் யாவும் நடுவில் ஒன்றையொன்று அடுத்து வரவேண்டும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் அனுபவமில்லாதவர்கள் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் அபாயகரமான மின்சாரம் தேங்கியிருக்கும்.

மின்சாரம் ஒழுங்காக வந்தும் திரையில் ஒன்றுமில்லை, ஸ்பீக்கரிலிருந்து ஒரு 'பீப்' ஒலிகூட இல்லை என்ற நிலைதான் பலரை நிராசையடையச் செய்கிறது. மதர்போர்டே மாண்டுவிட்டது என்று எண்ணி, வேறொன்றை வாங்கிப் பொருத்திவிட்டுப் பழையதைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். இதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது. ஏனெனில், இந்தப் பூரண நிசப்தத்துக்குக் காரணம் பல சமயங்களில் ஒரே ஒரு மெமரி சிப்புதான். 8088 என்னும் பிராசஸர் கண்விழித்தவுடன் பயாஸ் என்ற நிலையான நிரலைப் படித்துத் தன் உள்ளறைகளைத் தானே சோதிக்கிறது. பயாஸ் ரோமின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கிறது. பிறகு மெமரியின் முதல் 16 கிலோபைட்டை எழுதிப் படித்துப் பரீக்ஷிக்கிறது. 'பீப்' ஒலியை எழுப்புவதற்கான துணை நிரலை அழைத்தால், அது முடிந்தபின் எங்கே திரும்பவேண்டும் என்ற முகவரியை மெமரியில்தான் எழுதி வைக்கவேண்டும். அந்த மெமரியே இன்னும் பரீக்ஷையில் தேறவில்லை. பயாஸை இயற்றிய டேவிட் பிராட்லி முதலானோர் இந்தச் சங்கடத்தை அறிந்து, ஆரம்பச் சோதனைகளுக்கு வேண்டிய திரும்பும் முகவரிகளை ரோமிலேயே முன்கூட்டி எழுதிவைத்து, மெமரியின் தயவின்றியே வேலை நடக்கச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த முதல் 16 கிலோபைட்டில் பிழை கண்டால், முறையிடுவதற்கு யந்திரத்துக்கு வழியொன்றும் இல்லை, அப்படியே நின்றுவிடுகிறது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மதர்போர்டில் மெமரி நான்கு வரிசைகளாக, வரிசைக்கு ஒன்பது சிப்புகளாக அமைந்திருக்கிறது: எட்டு தகவலுக்கு, ஒன்று பாரிட்டி சரிபார்ப்புக்கு. பின் மூன்று வரிசைகளும் சாக்கெட்டுகளில் செருகப்பட்டவை. முதல் வரிசை மட்டும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. ஒன்பதில் எது கெட்டது என்று நிச்சயமாகத் தெரியாமல் சால்டர் இரும்பை எடுப்பது அந்தப் பழம்போர்டின் மெல்லிய செம்புக் கோடுகளுக்கு ஆபத்து. அதே ஜாதியைச் சேர்ந்த நல்ல சிப்பு ஒன்றை, யந்திரத்தை நிறுத்திவிட்டு, சந்தேகத்துக்குரியதன் மேல் காலோடு கால் பொருந்தக் கவிழ்த்து அமர்த்தி, பிறகு சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. கெட்ட சிப்பு வாயடைத்துக் கிடந்தால் இது பலிக்கும், தவறான விடையையே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் பலிக்காது. இதைவிடச் சிறந்தது, யூ33 என்ற இடத்திலுள்ள பயாஸ் ரோமை எடுத்துவிட்டு, மெமரியே இல்லாமல் ஓடக்கூடிய பரிசோதனை ரோம் ஒன்றை அங்கே வைப்பது. அந்த சாக்கெட் 24 கால்கள் கொண்டது. இக்காலத்தில் எளிதில் கிடைக்கும் 2764 சிப்புக்கோ 28 கால்கள். ஆதலால் இடையே ஓர் அடாப்டர் வேண்டும். அதுவும் பொருந்திவிட்டால், எந்த பிட் கெட்டது என்பது திரையில் தெரிந்துவிடும். ஆரம்பகால போர்டில் உள்ள 4116 வகைச் சிப்புகளுக்கு +5, +12, -5 ஆகிய மூன்று மின்னழுத்தங்களும் தேவை என்பதையும், -5 அறுந்துபோனால் நல்ல சிப்புகளும் நாசமடையக்கூடும் என்பதையும் நினைவில் வைத்து, சிப்பை மாற்றுவதற்கு முன் அதை அளந்துவிடவேண்டும்.

இத்தனை விவரங்களையும் நாம் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஐ.பி.எம். வெளியிட்ட தொழில்நுட்பக் கையேடு. போர்டின் முழு மின்சுற்றுப் படமும், பயாஸ் நிரலின் ஒவ்வொரு வரியும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. விலைக்குக் கிடைத்த புஸ்தகம் அது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். தாங்கள் செய்த பொருளை மற்றவர்கள் புரிந்துகொள்ளவும் பழுதுபார்க்கவும் உரிமையுடையவர்கள் என்று கருதி ஒரு நிறுவனம் நடந்துகொண்டதன் பயனை, நாற்பது ஆண்டுகள் கழித்து நாம் அனுபவிக்கிறோம். இன்று விற்பனையாகும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்விதக் கையேடு பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. அவற்றை 2060-இல் பழுதுபார்க்க நினைப்பவர்கள் எதைக் கொண்டு தொடங்குவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

முதல் 16 கிலோபைட் தேறிவிட்டால் யந்திரம் பேசத் தொடங்கிவிடுகிறது. ஒரு நெடிய ஒலியும் இரு குறிய ஒலிகளும் திரை அட்டையில் கோளாறு என்பதைக் குறிக்கும். உடனே அட்டையைச் சந்தேகியாமல், போர்டிலுள்ள சிறு சுவிட்சுகள் அந்த அட்டைக்கு ஏற்றபடி இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவேண்டும். திரையில் 301 என்று வந்தால் விசைப்பலகை. 0420 201 என்று வந்தால் மெமரி. அதிலும் இடம் சொல்லிவிடுகிறது. பதினாறடிமானத்தில் எழுதப்பட்ட 04 என்பது, 16 கிலோபைட் வரிசைகள் உள்ள போர்டில், முதல் வரிசைக்கு அடுத்த வரிசையைக் குறிக்கும். 20 என்பது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது பிட். சாக்கெட்டிலிருந்து அந்த ஒரு சிப்பை எடுத்து வேறொன்றை வைத்தால் போதும்.

எல்லாம் தேறியபின் யந்திரம் பிளாப்பியைத் தேடுகிறது. வட்டிலிருந்து 512 பைட் அளவுள்ள முதல் பகுதியைப் படிக்க முயன்று, முடியாவிட்டால் ரோமில் உள்ள பேசிக் மொழியைத் திரையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதைக் கண்டு கலங்குகிறார்கள். உண்மையில் இது மிகவும் சந்தோஷப்படவேண்டிய கட்டம். மதர்போர்டு முக்கால்வாசிக்குமேல் க்ஷேமம் என்று அர்த்தம். மிச்சமிருப்பது வட்டு, கேபிள், டிரைவ் மூன்றுமே. கேபிளில் சில கம்பிகள் மட்டும் முறுக்கிவிடப்பட்ட முனையே ஏ டிரைவுக்கு உரியது. படிக்கும் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, அது நகரும் தண்டுகளில் இறுகிப்போன பழைய எண்ணெயை அகற்றவேண்டும். பிறகு வேகம்: நிமிஷத்துக்கு 300 சுற்று. டாண்டன் டிரைவின் அடிச்சக்கரத்தில் 50, 60 சுழற்சி மின்சாரங்களுக்கென்று தனித்தனியே கோட்டு வளையங்கள் வரையப்பட்டிருக்கின்றன. நம் நாட்டு 50 சுழற்சி மின்சாரத்தில் எரியும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ் அதற்குரிய வளையத்தை நோக்கி, கோடுகள் அசையாமல் நிற்கும்வரை திருகைத் திருப்பவேண்டும்.

வேகம் சரியாகியும், நல்ல வட்டைக் கொடுத்தும் படிக்காத டிரைவில் தலை தன் தடத்திலிருந்து விலகியிருக்கும். அதைத் திருத்துவதற்கு ஆசிலாஸ்கோப்பும் அளவிட்ட வட்டு ஒன்றும் தேவை. அந்த வேலையை அடுத்த வாரம் தனியாக எடுத்துக்கொள்வோம்.