குதிரைக்கும் தகனம் உண்டு!

1963-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடியின் இறுதி ஊர்வலம் நடந்தது. பீரங்கி வண்டியில் சவப்பெட்டி போயிற்று. அதன் பின்னால் ஒரு கறுப்புக் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார்கள்.

அதன் முதுகில் சேணம் இருந்தது. சேணத்தில் ஆள் இல்லை. அங்கவடிகளில் ஒரு ஜோடி பூட்சு மட்டும் மாட்டியிருந்தது. அதுவும் முன்பக்கம் பின்னால் பார்க்கும்படி திருப்பி மாட்டப்பட்டிருந்தது. வீரன் இனிமேல் குதிரை ஏறமாட்டான் என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் குதிரையின் பெயர் பிளாக் ஜாக். பெரிய முரடு! ஏறி உட்கார்ந்தவர்களை எல்லாம் கீழே தள்ளிவிடும். அதனால்தானோ என்னவோ, ஆள் ஏறாமல் நடந்துபோகும் வேலை அதற்குக் கிடைத்தது. கென்னடியின் ஊர்வலத்திலும் அது அடங்கி நடக்கவில்லை. தலையை உலுக்கியது. துள்ளியது. பக்கவாட்டில் திமிறியது. டெலிவிஷனில் பார்த்த ஜனங்களின் நெஞ்சில் அந்தக் காட்சி பதிந்துவிட்டது.

பிறகு ஹூவர், ஜெனரல் மக்ஆர்தர், ஜான்சன் ஆகியோரின் இறுதி ஊர்வலங்களிலும் பிளாக் ஜாக் நடந்தது. படைவீரர்களின் ஊர்வலங்களையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல் இருக்கும்.

ஆயிரம் பேரைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பிய அந்தக் குதிரைக்கும் ஒரு நாள் முடிவு வந்தது. 1976-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி. அப்போது அதற்கு வயது 29. முதுமையின் தொல்லைகள் முற்றிவிட்டன. இனியும் வேதனைப்பட விடவேண்டாம் என்று டாக்டர்கள் அதன் உயிரை அமைதியாகப் போக்கினார்கள்.

அதன் உடலைத் தகனம் செய்தார்கள். அஸ்தியை ஒரு கலசத்தில் இட்டு, வர்ஜீனியாவில் உள்ள போர்ட் மையர் ராணுவ முகாமின் அணிவகுப்பு மைதானத்தில் அடக்கம் செய்தார்கள். ஒரு படைவீரனுக்கு உரிய எல்லா மரியாதையும் அந்தக் குதிரைக்குக் கிடைத்தது.

வீட்டுக் குதிரை இறந்தால்?

பிளாக் ஜாக்குக்கு ராணுவமே உறவாக இருந்தது. சாதாரணக் குடும்பத்தில் ஆசையாக வளர்த்த குதிரை இறந்தால் என்ன செய்வார்கள்?

குதிரைப் பித்து அதிகம் உள்ள நாடு இங்கிலாந்து. அங்கே பணக்காரர்கள் மட்டும் குதிரை வளர்ப்பதில்லை. லாயத்தில் வாடகைக்கு இடம் பிடித்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு குதிரையை வைத்துக்கொள்ளும் நடுத்தரக் குடும்பங்களும் உண்டு. குதிரை 25 வருஷம், 30 வருஷம்கூட வாழும். பத்து வயதில் ஒரு குதிரைக்குட்டியைக் கையில் பிடித்த சிறுமி, அது சாகும்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பாள். அவள் அழாமல் என்ன செய்வாள்?

ஆனால் அழுதுகொண்டு உட்கார முடியாது. நாய் இறந்தால் தோட்டத்து மூலையில் குழி தோண்டிவிடலாம். குதிரையின் எடை சுமார் 500 கிலோ! நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. வெயில் காலமாக இருந்தால் உடல் சீக்கிரம் கெட ஆரம்பித்துவிடும்.

ஆகவேதான், குதிரை உயிரோடு இருக்கும்போதே இந்தப் பேச்சைப் பேசி முடித்துவிடுங்கள் என்று அங்குள்ள குதிரைச் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லுகின்றன. யாரைக் கூப்பிடுவது, எப்படி உயிரைப் போக்குவது, புதைப்பதா எரிப்பதா, பணம் எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதி லாயத்தில் வைத்துவிட வேண்டும். நம் பக்கத்தில் இதை அபசகுனம் என்பார்கள். அங்கும் பலர் தள்ளிப்போடத்தான் செய்கிறார்கள்.

ஊசியா, துப்பாக்கியா?

தீராத நோய், ஒடிந்த கால், எழுந்து நிற்க முடியாத முதுமை. இப்படிப்பட்ட நிலையில் குதிரையின் உயிரைப் போக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஊசி. கால்நடை டாக்டர்தான் அதைப் போடலாம். மற்றொன்று துப்பாக்கி. பழகிய கையாக இருந்தால் ஒரே நொடியில் முடிந்துவிடும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. எந்த வழியில் உயிர் போகிறதோ, அதைப் பொறுத்துத்தான் உடலை என்ன செய்யலாம் என்பதும் அமைகிறது! ஊசி மருந்து கடுமையானது. இறந்த உடலிலும் அது தங்கியிருக்கும். அந்த மாமிசத்தைத் தின்ற நாயும் நரியும் கழுகும் செத்துப்போகும். துப்பாக்கியால் சுடப்பட்ட குதிரையை வேட்டை நாய்ப் பட்டிகளுக்குத் தீனியாகக் கொடுப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். ஊசி போட்ட குதிரையை அப்படிக் கொடுக்க முடியாது. 

குதிரை இன்ஷூர் செய்யப்பட்டிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. உயிரைப் போக்குவதற்கு முன்பே கம்பெனியின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் வராமல் போகலாம். கால் ஒடிந்து துடிக்கிற மாதிரி அவசரம் என்றால் டாக்டரின் சான்று வேண்டும்.

இடம் பார்த்து நிறுத்து!

குதிரை நடக்கக் கூடிய நிலையில் இருந்தால், அதை லாயத்துக்குள் வைத்து உயிரைப் போக்கமாட்டார்கள். வெளியே கூட்டி வருவார்கள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், லாரி வந்து நிற்கக் கூடிய மேடுபள்ளமில்லாத இடமாகப் பார்ப்பார்கள்.

லாயத்தின் கதவு குறுகல். உள்ளே விழுந்த அரை டன் உடலை அதன் வழியே இழுப்பது பெரும் பாடு. சங்கிலி போட்டு, லாரியில் உள்ள இழுவை ராட்டையைச் சுற்றித்தான் உடலை மேலே ஏற்றவேண்டும். அதைப் பார்க்கச் சகிக்காது. “குதிரையிடம் விடைபெற்றுக்கொள்ளுங்கள். லாரி வரும்போது வீட்டுக்குள் போய்விடுங்கள்” என்று அனுபவசாலிகள் சொல்லுவார்கள். நல்ல யோசனை. இருபது வருஷத்துச் சிநேகிதனின் கடைசி நினைவாகச் சங்கிலியும் ராட்டையும் கண்ணில் நிற்கவேண்டுமா?

மண்ணா, நெருப்பா?

இங்கிலாந்தில் பண்ணை மாடு, ஆடுகளைப் புதைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. செல்லமாக வளர்த்த குதிரைக்கு மட்டும் சலுகை உண்டு. ஆனாலும் முதலில் உள்ளூராட்சியைக் கேட்டாக வேண்டும். கிணறு, ஊற்று, ஓடை பக்கத்தில் இருந்தால் அனுமதி கிடைக்காது. சொந்த நிலமும் வேண்டும். குழி தோண்ட எந்திரமும் வேண்டும்.

கிராண்ட் நேஷனல் என்ற புகழ்பெற்ற பந்தயத்தில் 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஜெயித்த ‘ரெட் ரம்’ 1995-ல் இறந்தது. எயின்ட்ரீ மைதானத்தில், அது வெற்றிபெற்ற கம்பத்தின் அருகிலேயே புதைத்தார்கள். அந்தப் பாக்கியம் எல்லாக் குதிரைக்கும் கிடைக்குமா?

ஆகவே பலர் தகனத்தை விரும்புகிறார்கள். இதற்கென்றே பெரிய உலைகள் வைத்திருக்கும் நிலையங்கள் இருக்கின்றன. இரண்டு விதமான தகனம் உண்டு. பல உடல்களைச் சேர்த்து எரிப்பது ஒன்று. இதற்குச் செலவு குறைவு. அஸ்தி திரும்பி வராது. தனியாக எரிப்பது மற்றொன்று. இதற்குப் பல நூறு பவுன் செலவாகும். உடல் முழுவதும் எரிந்து அடங்கப் பல மணி நேரம் பிடிக்கும். அஸ்தியைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். அது கைக்கு அடக்கமான செப்பு என்று நினைக்கக் கூடாது. குதிரை பெரிதல்லவா, பெட்டியும் பெரிதுதான்!

முழு அஸ்தியும் வேண்டுமா, கொஞ்சம் போதுமா, தனித் தகனம்தானா என்று முன்னதாகவே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். துக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பிறகு வருந்துகிறார்கள்.

குளம்பைத் திருடியவன்

வால் மயிரில் ஒரு கொத்து, ஒரு லாடம். இந்த இரண்டையும் ஞாபகார்த்தமாக எடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள் அபூர்வம். வால் மயிரைப் பின்னிக் கைக்காப்பு செய்து கொடுக்கும் தொழிலாளர்கள்கூட இருக்கிறார்கள்.

இது புதிய ஆசை அல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து நின்ற வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆனார். 1815-ல் வாட்டர்லூ யுத்தத்தில் நெப்போலியனைத் தோற்கடித்தபோது அவர் ஏறியிருந்த குதிரை ‘கோபன்ஹேகன்’. அன்று முழுவதும் அது அவரைச் சுமந்தது. இரவு அவர் இறங்கித் தட்டிக்கொடுத்தபோது ஓர் உதை விட்டது. பிரபு மயிரிழையில் தப்பினார்!

அந்தக் குதிரை 1836-ல் இறந்தது. பிரபுவின் பண்ணையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் அதன் குளம்பு ஒன்றை யாரோ வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். பிரபுவுக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. அவர் காலமான பிறகு, அந்தக் குளம்பு அவருடைய மகனிடம் வந்து சேர்ந்தது. மகன் அதை மைக்கூடாகச் செய்து வைத்துக்கொண்டார்.

இன்று யாரும் திருடவேண்டியதில்லை. லாரி வருவதற்கு முன்பே லாடத்தைக் கழற்றித் தரும்படி லாடம் அடிப்பவரிடம் சொல்லிவிடலாம்.

ஜோடிக் குதிரை

துக்கம் மனிதர்களுக்கு மட்டுமா? ஒரே புல்வெளியில் பல வருஷம் சேர்ந்து மேய்ந்த ஜோடிக் குதிரை இருக்கிறதே! திடீரென்று துணை மறைந்துவிட்டால் அது வேலியோரம் ஓடி ஓடிக் கனைக்கும். தீனி எடுக்காது.

இதற்கு ஒரு வழி சொல்லுகிறார்கள். இறந்த உடலைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, ஜோடிக் குதிரையை அருகில் வரவிட வேண்டும். அது முகர்ந்து பார்க்கும். மூக்கால் தள்ளிப் பார்க்கும். பிறகு தானாகவே விலகிப் போய்ப் புல் மேய ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகும் சில நாள் அதைத் தனியாக விடாமல் இருப்பது நல்லது.

மனிதர்களுக்கும் துணை உண்டு. பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் தொண்டர்கள், கேட்டுக்கொண்டால் அந்தக் கடைசி நாளில் வந்து கூட நிற்பார்கள். லண்டன் தெருக்களில் வண்டி இழுத்த குதிரைகளுக்காக 1897-ல் ஆரம்பித்த ‘புளூ கிராஸ்’ சங்கம், செல்லப் பிராணியை இழந்தவர்களிடம் டெலிபோனில் பேசி ஆறுதல் சொல்லுகிறது. ஒரு குதிரைக்காகவா இத்தனை அழுகை என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. பிரிட்டனில் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு! பெயர், வயது, அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். குதிரை இறந்த 30 நாளுக்குள் அதைக் கொடுத்த அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். கூடவே ஒரு கடிதம் வைத்தால், ரத்து செய்ததாக முத்திரை குத்தித் திரும்ப அனுப்புவார்கள். வால் மயிரும் லாடமும் இருக்கும் பெட்டியில் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.