டீஷக் பதில் சொல்கிறார்

தில்லியில் மத்திய அரசுப் பணியில் இருக்கிற, இருந்து ஓய்வு பெற்ற நம் சங்க அன்பர்களுக்கு 'பார்லிமெண்ட் கொஸ்டின்' என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டாலே வயிற்றில் ஏதோ புரளும். அந்தக் கோப்பு மேசைக்கு வந்துவிட்டால் வீட்டில் கல்யாணம் என்றாலும் லீவு கிடையாது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். மந்திரி சபையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் குறுக்கே கேட்கக்கூடிய துணைக் கேள்விகளை நாமே ஊகித்து, அவற்றுக்கும் விடை எழுதி, கனமான ஒரு கட்டாகக் கொடுக்க வேண்டும். நானும் ஓர் அமைச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்தவன்தான்.

இந்தத் தொழிலில் சில பொன்னான வாசகங்கள் உண்டு. 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது. அவையின் மேசை மீது வைக்கப்படும்' என்பது ஒன்று. என் மனத்துக்கு மிகவும் உகந்தது மற்றொன்று. கேள்வியின் (அ) பகுதிக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் போதும். (ஆ), (இ), (ஈ) எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கேள்வி எழவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். உறுப்பினர் எழுந்து நின்றுகொண்டிருப்பார்; ஆனால் கேள்வி எழவில்லை!

ஆனால் நம் முறையில் பிரதமர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அணுசக்தி, விண்வெளி போன்று அவர் பொறுப்பில் இருக்கும் துறைகளைப் பற்றிய கேள்விகள்தான் அவர் பெயருக்கு வரும். அவற்றுக்கும் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். பெரும்பாலும் இணை மந்திரிதான் எழுந்து பதில் சொல்வார். எனவே ஓர் அரசாங்கத்தின் தலைவர் வாரத்தில் இரண்டு நாள், முன்னறிவிப்பே இல்லாமல், எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கப்பட்டுப் பதில் சொல்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. மகள் குடும்பம் டப்ளினில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது மற்றவர்கள் கடைகண்ணி பார்க்கப் போனார்கள். நான் கில்டேர் தெருவில் உள்ள பாராளுமன்றத்தைப் பார்க்கப் போனேன். பழக்க தோஷம்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ஐரிஷ் மொழியின் எழுத்தைப் பார்த்து உச்சரிப்பைக் கண்டுபிடிக்க நினைப்பது வீண். பிரதமருக்கு அங்கே 'டீஷக்' என்று பெயர். தலைவன் என்று பொருள்படும் பழைய ஐரிஷ் சொல். 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் டி வலேரா இந்தப் பெயரைக் கொண்டுவந்தார். துணைப் பிரதமர் 'டோனிஷ்டா'. கீழ்ச்சபை 'டோல்'. அதன் தலைவரான சபாநாயகர் 'கியோன் கோர்லியா'. நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரி இந்த 1937 சட்டம்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்.

சபை கூடும் லென்ஸ்டர் மாளிகை பதினெட்டாம் நூற்றாண்டில் கில்டேர் பிரபு கட்டிய வீடு. பிறகு ராயல் டப்ளின் சொசைட்டி அதை வாங்கி, பக்கத்தில் விரிவுரைக்கென்று ஒரு கூடம் கட்டியது. 1922இல் புதிய அரசு தற்காலிகமாக என்று சொல்லி அந்தக் கூடத்துக்குள் சபையைக் கொண்டுபோய் வைத்தது. தற்காலிகம் நூறாண்டைத் தாண்டிவிட்டது. (சர்க்கார் தற்காலிகம் எங்கும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.) ஆசனங்கள் லாட வடிவில் படிப்படியாக உயர்கின்றன. நம் மக்களவையைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு கல்லூரி வகுப்பறை அளவுதான்.

டீஷக்கிடம் கேள்வி கேட்க இரண்டு வழிகள். ஒன்று, முன்னறிவிப்போடு கேட்பது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வீட்டு வசதி பற்றி டீஷக்கிடம் கேட்டால், 'இது வீட்டு வசதி மந்திரிக்கு உரியது' என்று கேள்வி அங்கே மாற்றப்பட்டுவிடும். எனவே உறுப்பினர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: 'வீட்டு வசதிக்கான அமைச்சரவைக் குழு கடைசியாக எப்போது கூடியது, அடுத்து எப்போது கூடும்?' அமைச்சரவைக் குழு டீஷக்கின் பொறுப்பு; ஆகவே கேள்வியைத் தள்ள முடியாது. தேதியைச் சொல்ல அவர் எழுந்தவுடன், துணைக் கேள்வியாக வாடகை, வீட்டு விலை எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். கோலத்தில் நுழைய முடியாவிட்டால் தடுக்கில் நுழைகிற இந்தச் சாமர்த்தியத்தை எங்கள் அமைச்சகத்தில் யாராவது பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

இரண்டாவதுதான் 'தலைவர்களின் கேள்விகள்'. செவ்வாய், புதன் கிழமைகளில் டீஷக்கிடம்; வியாழக்கிழமை டோனிஷ்டாவிடம். எதிர்க்கட்சித் தலைவர் மூன்று நிமிடம் கேட்கலாம். பதிலுக்கு மூன்று நிமிடம். பிறகு தலைக்கு ஒரு நிமிடம். கேள்வி என்ன என்பது முன்கூட்டித் தெரியாது. தெரியாது என்றாலும் அதிகாலையிலேயே பத்திரிகைகளையும் வானொலியையும் அலசி, 'இன்று இதைத்தான் கேட்பார்கள்' என்று ஊகித்துக் குறிப்பு எழுத அங்கேயும் அலுவலர்கள் இருக்கத்தானே வேண்டும்! மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தபோது என் கண் டீஷக்கைவிட அவர் புரட்டிய காகிதக் கட்டின் மீதுதான் இருந்தது.

பதில் திருப்தியாக இல்லை என்று உறுப்பினர் சபாநாயகரிடம் முறையிட்டால் முன்பெல்லாம் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மந்திரியின் பதில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல அப்போது அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை. கேள்விக்கு விதி இருந்தது, நேரத்துக்கு விதி இருந்தது. பதிலின் உள்ளடக்கம் பதில் சொல்பவரின் மனச்சாட்சியாக இருந்தது. இதனால் அந்நாடு கொடுத்த விலையை 'மாட்டிறைச்சி விசாரணை' காட்டுகிறது.

1987, 88 ஆண்டுகளில் இராக்குக்கு அனுப்பிய மாட்டிறைச்சிக்கு அரசாங்கம் ஏற்றுமதிக் கடன் காப்புறுதி கொடுத்தது. பணம் வராவிட்டால் மக்கள் வரிப்பணம் ஈடு கட்ட வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்த அடிப்படையில் என்று டோலில் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில்கள் வந்தன, விஷயம் வரவில்லை. 1991 மே மாதம் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று இந்தத் தொழிலில் நடந்த முறைகேடுகளைப் பற்றி நிகழ்ச்சி ஒளிபரப்பிய பிறகுதான் நீதிபதி லியம் ஹாமில்டன் தலைமையில் விசாரணை அமைந்தது. டப்ளின் கோட்டையில் மாதக்கணக்கில் சாட்சியம், வழக்கறிஞர் கட்டணம் கோடிக்கணக்கில். நடுவில், 'இங்கே பதில் சொல்வது போல டோலில் பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணைக்கே அவசியம் இருந்திருக்காது. பணமும் காலமும் மிஞ்சியிருக்கும்' என்ற கருத்துப்பட நீதிபதி சொன்னார். பதில் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடக் கடுமையான கண்டனம் எங்கள் ஜாதிக்கு இருக்க முடியாது. பொய் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டதற்கு மட்டும், கேட்ட வார்த்தைக்கு மட்டும் விடை எழுதும் கலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அமைச்சரவையில் என்ன பேசினார்கள் என்று விசாரணையில் கேட்கக் கூடாது என்று 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கதவைச் சற்றே திறக்க 1997இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அதே 1997இல் தகவல் அறியும் சட்டமும் அங்கே வந்தது. நமக்கு 2005இல்.

ஒரு பதிலில் விடுபட்ட தகவல் ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்த கதை இன்னும் சுவையானது. 1994இல் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் டீஷக். சாதாரண ஆள் அல்ல. பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜரோடு சேர்ந்து டவுனிங் தெரு அறிக்கையை வெளியிட்டு, 1994 ஆகஸ்டு 31 அன்று ஐ.ஆர்.ஏ.வின் போர்நிறுத்தத்தைக் கண்டவர். அவர் அரசில் லேபர் கட்சியும் கூட்டு. குழந்தைகளிடம் பாலியல் கொடுமை செய்த ஒரு பாதிரியாரை ஒப்படைக்கச் சொல்லி வட அயர்லாந்துக் காவல்துறை 1993 ஏப்ரலில் அனுப்பிய வாரண்டுகள், அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் ஏழு மாதம் கிடந்தன என்பது வெளியே வந்தது. அந்த அட்டர்னி ஜெனரலையே உயர் நீதிமன்றத் தலைவராக்கினார் ரெனால்ட்ஸ். லேபர் மந்திரிகள் கூட்டத்தைவிட்டு வெளியேறினார்கள். புதிய சட்டப் பிரிவின் கீழ் வந்த முதல் வழக்கு இது, அதனால்தான் தாமதம் என்று நவம்பர் 15 அன்று டோலில் விளக்கம். ஆனால் இதற்கு முன்பே, 1992இல், அதே பிரிவில் இன்னொரு வழக்கு வந்திருந்தது. புதிய அட்டர்னி ஜெனரல் அதை முந்திய நாளே தெரிவித்துவிட்டார். அந்த ஒரு வரி விளக்கத்தில் இடம்பெறவில்லை. இது தெரிந்ததும் லேபர் விலகியது. 17ஆம் தேதி ரெனால்ட்ஸ் பதவி துறந்தார். பெரிய தடைகளையெல்லாம் தாண்டிவிடுகிறோம், சின்னதில்தான் கால் தட்டுகிறது என்ற பொருளில் அவர் சொன்னாராம். தேர்தல் இல்லாமலே டிசம்பரில் ஜான் புரூட்டன் டீஷக் ஆனார்.

அது சின்னத் தடைதானா என்பதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அந்த ஏழு மாதம் சின்னதல்லவே. நம் ஊரிலும் 1957 செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ராவின் கம்பெனிகளில் பணம் போட்டதைப் பற்றிய ஒரு கேள்வியில் ஆரம்பித்ததுதான், 1958 பிப்ரவரியில் நம் டி.டி.கே.யின் ராஜினாமாவில் போய் முடிந்தது.

இந்தியர்களுக்கு டோலை நெருக்கமாக்கியது ஒரு மரணம். கர்நாடகத்துப் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா, 31 வயது, கரு தங்காது என்று தெரிந்த பிறகும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, இரத்தத்தில் கிருமி பரவி, 2012 அக்டோபர் 28 அன்று கால்வே நகரில் இறந்தார். செய்தி நவம்பரில் வெளியானதும் டீஷக் எண்டா கென்னி சபையில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2013இல் ஒரு குறுகிய சட்டம் வந்தது. போதாது என்று மக்கள் விடவில்லை. 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அரசியல் சட்டத்தின் தடையை நீக்க வாக்களித்தார்கள். அப்போது டீஷக்காக இருந்தவர் லியோ வரத்கர். அவருடைய தந்தை மகாராஷ்டிரத்தில் மால்வண் அருகே உள்ள வராட் கிராமத்திலிருந்து போன மருத்துவர். 2017 ஜூனில் தமது 38ஆம் வயதில் பதவியேற்ற லியோ, 2019 டிசம்பரில் அந்தக் கிராமத்துக்கு வந்துபோனார். வாரம் இரு முறை அவரைப் பிய்த்து எடுத்த எதிர்க்கட்சியினர் கொள்கையைத்தான் தாக்கினார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரு நிறைவு.

கடைசியாக, கேட்பவர் யார் என்ற தகராறு. 2024 தேர்தலுக்குப் பிறகு ஆளுங்கட்சிகளுக்கு ஆதரவு கொடுத்த சில சுயேச்சைகள், எங்களுக்கும் எதிர்வரிசையின் பேச்சு நேரத்தில் பங்கு வேண்டும் என்றார்கள். ஆதரித்துக்கொண்டே எதிர்க்கட்சியா என்று மற்றவர்கள் கொதித்தார்கள். 2025 ஜனவரி 22 அன்று மீஹால் மார்ட்டினை டீஷக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடிய சபை, கூச்சலில் திரும்பத் திரும்ப ஒத்திவைக்கப்பட்டு, தேர்வு மறுநாள்தான் நடந்தது. நம் சபையில் ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து 'இத்திட்டத்தின் பயன்களை அமைச்சர் விளக்குவாரா?' என்று கேட்கும் காட்சியை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் என்பதால், இவ்வளவு கோபம் எதற்கு என்று முதலில் தோன்றியது. அங்கே அந்த மூன்று நிமிடம் அவ்வளவு மதிப்புள்ள சொத்து. மார்ச் 25 அன்று அமளிக்கு நடுவே விதிகளை மாற்றி, அந்த உறுப்பினர்களுக்கும் கேள்வி கேட்கச் சில நிமிடங்கள் ஒதுக்கினார்கள். டோலின் முதல் பெண் சபாநாயகரான வெரோனா மர்பி மீது எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லை என்றன. ஏப்ரல் 1 அன்று நம்பிக்கைத் தீர்மானம் அரசுத் தரப்பின் ஓட்டில் நிறைவேறி, அவர் ஆசனத்தில் தொடர்ந்தார்.